வால்வில் கிருமி: 24 வயதில் ஏன், ஆறு வாரம் எதற்கு?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தங்கைக்கு வயது 24. பத்து வயதில் காய்ச்சலோடு முட்டி வீங்கியது. அப்போதே இதய வால்வில் லேசான பழுது என்றார்கள். ஒன்றிரண்டு வருடம் பெனிசிலின் ஊசி போட்டீர்கள், அப்புறம் அது நின்றுபோனது. இப்போது ஐந்து வாரமாக விட்டு விட்டுக் காய்ச்சல். வியாசர்பாடியில் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் டைபாய்டு என்று இரண்டு முறை மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து, வால்வில் கிருமி உட்கார்ந்திருக்கிறது என்று சேர்த்துக்கொண்டார்கள். ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. வெளிநாட்டில் வயதானவர்களுக்கு வரும் நோய் இவளுக்கு ஏன் வந்தது, கல்ச்சரிலேயே இல்லாத கிருமிக்கு ஆறு வாரம் ஊசி எதற்கு, அவளோடு ஒரே பாயில் படுக்கும் என் எட்டு வயதுப் பையனுக்கு ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சென்னையில் அரசு மருத்துவமனைகளின் இதயப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆறு வாரம் வேண்டும். பாதியில் பெயர் வெட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். கல்ச்சரில் வளராததால் கிருமி இல்லை என்று ஆகிவிடாது. ஏன் வளரவில்லை என்பதுதான் நீங்கள் எழுதியதிலேயே முக்கியமான விஷயம், அதற்கு வருகிறேன். பையனுக்கு இந்த நோய் ஒட்டாது. ஆனால் அவனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

வால்வு என்பது மெல்லிய சவ்வு. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லட்சம் தடவை திறந்து மூடுகிறது. பழுதான வால்வில் ரத்தம் சீராகப் போகாமல் பீய்ச்சி அடிக்கும். அடிபடும் இடம் சொரசொரப்பாகும், அங்கே ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களும் ஃபைப்ரின் என்ற நாரும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத சின்னப் பொருக்கு கட்டும். பல் தேய்க்கும்போதும் சாப்பாட்டை மெல்லும்போதும் வாயில் இருக்கும் கிருமிகளில் கொஞ்சம் ரத்தத்தில் கலப்பது எல்லோருக்கும் நடப்பதுதான். ஈறு கெட்டிருந்தால் கூடுதலாகவே கலக்கும். வழவழப்பான வால்வில் அவை நிற்காது, உடம்பே சீக்கிரம் அழித்துவிடும். பொருக்கு இருந்தால் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கிருமிக்கு மேல் மறுபடி தட்டணு, மறுபடி நார் என்று படிந்துகொண்டே போகும். இதைத்தான் டாக்டர்கள் வெஜிடேஷன் என்கிறார்கள். எக்கோ திரையில் உங்களுக்கும் காட்டியிருப்பார்கள். வால்வு திறந்து மூட மூட, அதன் நுனியில் ஒரு துணுக்கு, கொடியில் கிடக்கும் கந்தல் காற்றில் அடிப்பது போலப் படபடக்கும்.

அந்தத் துணுக்குக்குள் ரத்தக் குழாய் கிடையாது. வால்வின் மெல்லிய இதழிலும் பெரிதாகக் கிடையாது. அதனால் கிருமியைத் தின்னும் வெள்ளை அணுக்கள் உள்ளே போய்ச் சேர முடியாது. மருந்தும் வெளியிலிருந்து ஊறி ஊறித்தான் உள்ளே போக வேண்டும். ஆழத்தில் இருக்கும் கிருமிகள் பெருகாமல் கிட்டத்தட்ட தூங்கிக்கொண்டிருக்கும், பெனிசிலின் வகை மருந்தோ பெருகுகிற கிருமியைத்தான் நன்றாகக் கொல்லும். இதனால்தான் ரத்தத்தில் நேராக, அதிக அளவில், நான்கிலிருந்து ஆறு வாரம் மருந்து போக வேண்டும். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் இறங்கிவிடும், பசி எடுக்கும், முகம் தெளிந்துவிடும். வீட்டுக்குப் போகலாம் என்று அவளே சொல்வாள். அந்தச் சமயம் மேலே இருக்கும் கிருமிதான் செத்திருக்கும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். பெனிசிலின் வருவதற்கு முன்னால் இந்த நோய் வந்தவர் பிழைப்பது மிக அபூர்வம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, 24 வயதில் ஏன்? நீங்கள் படித்தது உண்மைதான். ஐரோப்பாவை மையமாக வைத்து நடந்து 2019 இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில் இந்த நோயாளிகளின் சராசரி வயது 59. அங்கே செயற்கை வால்வு, பேஸ்மேக்கர், வயதாகித் தேய்ந்த வால்வு, டயாலிசிஸ் இவற்றால்தான் அதிகம் வருகிறது. நம் நாட்டில் 1980களில் பத்து வருடம் சேர்ந்த நோயாளிகளை வைத்து ஒரு வட இந்திய மருத்துவமனை எழுதியபோது சராசரி வயது 25 தான். உங்கள் தங்கை அந்த வரிசையில் வருகிறாள். இங்கேயும் டயாலிசிஸ் நோயாளிகள், செயற்கை வால்வு வைத்தவர்கள் கூடிவருகிறார்கள். ஆனாலும் நம் வார்டில் படுத்திருக்கும் இளம் முகங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டே காரணம் இருக்கும். ஒன்று, பிறவியிலேயே இருந்து யாரும் சரி செய்யாமல் விட்ட இதய ஓட்டை. இன்னொன்று, சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல்.

உங்கள் தங்கைக்குப் பத்து வயதில் முட்டி வீங்கியது அதுதான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி தொண்டையில் வந்து, தொண்டை வலியும் காய்ச்சலும் ஒரு வாரத்தில் போய்விடும். இரண்டு மூன்று வாரம் கழித்து, அந்தக் கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய ஆயுதம் ஆள் மாறி மூட்டையும் இதய வால்வையும் தாக்கும். மூட்டு வலி தழும்பில்லாமல் ஆறிவிடும். வால்வில் ஏறிய தழும்பு தங்கிவிடும். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வருவது. ஒரே அறையில் ஆறு பேர், ஏழு பேர் படுக்கும் வீட்டில் ஒரு பிள்ளையின் தொண்டையிலிருந்து இன்னொரு பிள்ளையின் தொண்டைக்கு இது சுலபமாகப் போகும். பணக்கார நாடுகளில் பெனிசிலின் வருவதற்கு முன்பே இந்த நோய் குறைய ஆரம்பித்துவிட்டது. வீடு பெரிதானது, நெரிசல் குறைந்தது, அதனால். ஆப்பிரிக்காவின் 12 நாடுகளும் இந்தியாவும் ஏமனும் சேர்ந்து 3,343 ருமாட்டிக் இதய நோயாளிகளைப் பதிவு செய்தபோது அவர்கள் வயதின் நடுப்புள்ளி 28. மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். பிள்ளை பெறும் வயதில், வீட்டு வேலையையும் பார்த்துக்கொண்டு, மூச்சு வாங்குவதை யாரிடமும் சொல்லாத பெண்கள். 2018 இல் உலக சுகாதார சபை இந்த நோய்க்கென்றே ஒரு தீர்மானம் போட்டது.

நின்றுபோன அந்த ஊசியைப் பற்றி. பென்சத்தீன் பெனிசிலின், 12 லட்சம் யூனிட், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. எங்கள் வார்டில் எல்லோரும் இருபத்தொரு நாள் ஊசி என்றுதான் சொல்வார்கள். ஒரு அம்மா தினசரி காலண்டரில் இருபத்தோராவது தாளின் மூலையை முன்கூட்டியே மடித்து வைத்துவிடுவார். தாள் கிழித்துக்கொண்டே வந்து மடிப்பு வரும் நாளன்று மகளைக் கூட்டிக்கொண்டு வருவார். ஒன்பது வருடம் தவறவில்லை. அந்தப் பெண்ணின் வால்வு லேசான கசிவோடு அப்படியே நின்றது. ஊசி வலிக்கும், இடுப்பில் இரண்டு நாள் கட்டியாக நிற்கும். அலர்ஜி வந்துவிடுமோ என்று பயந்து போட மறுக்கிற இடங்களும் உண்டு. மருந்து சப்ளை இல்லாமல் போகும் மாதங்களும் உண்டு. பிள்ளை நன்றாகத்தானே ஓடியாடுகிறது என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள். உங்களை நான் குறை சொல்லவில்லை. எத்தனை வருடம் போட வேண்டும் என்று உங்களிடம் யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். வால்வில் பழுது தங்கிவிட்டால் குறைந்தது பத்து வருடம், பலருக்கு 40 வயது வரைக்கும். உகாண்டாவில் எக்கோவில் மட்டும் தெரியும் ஆரம்பநிலைப் பழுது இருந்த 818 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து இரண்டு வருடம் பார்த்தார்கள். ஊசி போட்ட குழுவில் பழுது கூடியவர்கள் 0.8 சதவீதம், போடாத குழுவில் 8.2 சதவீதம். 2022 இல் வந்த முடிவு இது.

ஒன்று தெளிவாக இருக்க வேண்டும். இந்த ஊசி வால்வில் கிருமி உட்காருவதை நேரடியாகத் தடுக்காது. மறுபடி மறுபடி ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வு மேலும் கெடுவதைத் தடுக்கும். இப்போதைய ஆறு வாரம் முடிந்ததும் ஊசியை மறுபடி ஆரம்பிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வால்வு மிக மோசமாகி இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்கு ஊசிக்குப் பதில் தினசரி மாத்திரை நல்லது என்று 2022 இல் அமெரிக்க இதயச் சங்கம் சொல்லியிருக்கிறது. அதனால் அவள் எக்கோவைப் பார்த்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது கல்ச்சர். நம் ஊரில் காய்ச்சல் என்றால் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இரண்டாம் நாள் ஒரு ஊசி, கூடவே ஒரு ஆண்டிபயாடிக். நான்காம் நாள் டைபாய்டுக்கான வைடால் டெஸ்ட். டைபாய்டு பரவலாக இருக்கும் ஊரில் நல்ல உடம்புக்காரர்கள் பலருக்கும் அந்த டெஸ்ட் ஓரளவு பாசிட்டிவாகவே வரும். ஒரு தடவை எடுத்த வைடாலை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. ஆனாலும் ஐந்து நாள் மாத்திரை. ரத்தத்தில் மிதக்கும் கிருமி செத்துப் போகும், காய்ச்சல் இறங்கும், டைபாய்டுதான் என்று உறுதியாகிவிடும். வால்வுக்குள் இருப்பது பத்து நாள் கழித்து மறுபடி தலை தூக்கும். மறுபடி மாத்திரை. இப்படி இரண்டு சுற்று முடிந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும்போது கல்ச்சர் எடுத்தால் என்ன வளரும்? கிருமி வால்வில் இருக்கிறது, ரத்தத்தில் இல்லை. நான் முன்னால் சொன்ன அந்த வட இந்தியக் கணக்கில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே கல்ச்சரில் கிருமி வளர்ந்தது.

இதில் நான் கோபப்படுவது இதற்காகத்தான். கல்ச்சர் பாட்டில் பெரிய செலவு கிடையாது. ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம், இரண்டு டீஸ்பூன். வெவ்வேறு இடத்தில் குத்தி மூன்று முறை எடுக்க வேண்டும், முதல் ஆண்டிபயாடிக்குக்கு முன்னால். நோயாளி ரொம்ப மோசமாக இருந்தாலும் இதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும், மருந்து தள்ளிப்போகாது. இவ்வளவு ரத்தமா என்று வீட்டார் சண்டை போடுவார்கள் என்று பயந்து ஒரே தடவை, அதுவும் பாதி அளவு எடுத்து அனுப்புவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிருமி எது என்று தெரிந்தால் அதற்கென்றே இருக்கும் மருந்தைக் குறி வைத்துக் கொடுக்கலாம். தெரியாவிட்டால் வந்திருக்கக்கூடிய எல்லாக் கிருமிக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அதில் சில மருந்துகள் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கும். அதனால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினை அடிக்கடி பார்க்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காதில் இரைச்சலோ தலைசுற்றலோ வந்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள்.

கல்ச்சர் வெறுமையாக இருந்தும் நோய் இதுதான் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்றால், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1994 இல் வகுத்து, 2023 வரை திருத்திவரும் ஒரு அளவுகோல் இருக்கிறது. கல்ச்சர் அதில் ஒரு தூண், எக்கோ இன்னொரு தூண். பழைய வால்வு நோய், காய்ச்சல், உடம்பில் வேறு இடங்களில் தெறித்த அடையாளங்கள் எல்லாம் சேர்த்து எடை போடுவார்கள். சாதாரணக் கல்ச்சரில் வளராத கிருமிகளும் சில உண்டு. வீட்டில் ஆடு மாடு இருக்கிறதா, காய்ச்சாத பால் குடிப்பாளா என்று டாக்டர் கேட்டால் சம்பந்தமில்லாமல் கேட்கிறார் என்று நினைக்காதீர்கள். புருசெல்லா, க்யூ காய்ச்சல் போன்றவற்றுக்கு வேறு ரத்தப் பரிசோதனை உண்டு, அதற்காகத்தான் அந்தக் கேள்வி.

ஒருவரை என்னால் மறக்க முடியாது. கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர், முப்பது வயது இருக்கும். இரண்டு மாதக் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை. டிபி என்று வேறொரு இடத்தில் மருந்து ஆரம்பித்திருந்தார்கள். எங்களிடம் வந்தது ஒரு பக்கம் கை கால் விழுந்த பிறகு. கையைப் பிடித்துப் பார்த்தேன். நகத்துக்கு அடியில் சிவந்த பழுப்பில், பேனா கீறியது போல மெல்லிய கோடுகள். மூட்டை தூக்குபவர்களுக்கு நக நுனியில் இப்படிக் கோடு இருப்பது சகஜம், அடிபட்டு வருவது. இவருக்கு நகத்தின் அடிப்பக்கம், சதைக்குப் பக்கத்தில் இருந்தன. ஸ்டெத்தை வைத்தால் மார்பில் சத்தம். வெஜிடேஷனிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மூளை ரத்தக் குழாயை அடைத்திருந்தது. அவர் பிழைத்தார். ஆனால் வலது கையால் அதற்கப்புறம் எதையும் தூக்கவில்லை. டிபி என்று முதலில் சந்தேகப்பட்டதைத் தவறென்று சொல்ல மாட்டேன், நம் ஊரில் அப்படித்தான் தோன்றும். அந்த இரண்டு மாதத்தில் ஒருவரும் ஸ்டெத்தை வைத்து இதயத்தைக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. இளம் வயதில் பக்கவாதம், கூடவே காய்ச்சல் என்றால் வால்வைப் பார்த்தே ஆக வேண்டும்.

சென்னையில் இப்போது இன்னொரு கூட்டமும் வருகிறது. வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பையன்கள். அவர்களுக்கு இதயத்தின் வலது பக்க வால்வில் கிருமி வரும், அங்கிருந்து நுரையீரலுக்குத் தெறிக்கும், பார்ப்பதற்கு நிமோனியா போல இருக்கும். கேட்டால் திட்டுவார்கள் என்று மறைத்துவிடுகிறார்கள். திட்டாமல் கேட்டால் சொல்கிறார்கள்.

உங்கள் தங்கைக்குத் திரும்பி வருகிறேன். மூன்றாவது வாரத்தில்தான் பலர் கிளம்பிவிடுகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது, அரசு மருத்துவமனையில் படுக்கைக்கும் மருந்துக்கும் காசில்லை. ஆனால் கூட இருப்பவரின் கூலி போகிறது, பஸ், டீ, வெளியில் சாப்பாடு என்று தினம் கரைகிறது. யாருடைய கார்டிலும் அது வராது. ஆட்களை முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். டென்மார்க்கில் 400 பேரை வைத்து 2019 இல் வெளியான ஆய்வில், நிலைமை சீரான பிறகு ஊசியை மாத்திரைக்கு மாற்றியவர்களும் அதே அளவு நன்றாகத் தேறினார்கள். இதைச் சொல்லி மாத்திரை கேட்கத் தோன்றும். ஆனால் அவர்கள் எல்லோருக்கும் கல்ச்சரில் கிருமி வளர்ந்திருந்தது, எந்த மாத்திரை கேட்கும் என்று தெரிந்திருந்தது. வெளிநோயாளியாக வாரத்தில் பல முறை பார்த்தார்கள். உங்கள் தங்கைக்குக் கிருமியின் பெயரே தெரியாது. அந்த வழி அவளுக்குப் பொருந்தாது. முதல் ஆண்டிபயாடிக்குக்கு முன்னால் ரத்தம் எடுத்திருந்தால் இந்தப் பேச்சை இப்போது பேசிப் பார்த்திருக்கலாம்.

படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்துதான் தூங்குகிறாள் என்றால் அந்த ராத்திரியே நர்ஸிடம் சொல்லுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். வால்வு கிழிந்து இதயம் திணறுவது அப்படித்தான் தொடங்கும், அப்போது மருந்து மட்டும் போதாது, ஆபரேஷன் வேண்டும், ஆறு வாரம் முடியக் காத்திருக்கக் கூடாது. இடது விலாவுக்குக் கீழே திடீர் வலி, பேச்சுக் குழறல், மறுபடி காய்ச்சல் இவையும் அப்படியே. ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் இதய ஆபரேஷன் செய்ய ஒரு மையம் கூடக் கிடையாது. நமக்கு அந்த நிலை இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தில் உருவாக்கி 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்திய சித்ரா வால்வு, இறக்குமதி வால்வை விடக் குறைந்த விலையில் இதுவரை 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

ஆபரேஷன் என்று பேச்சு வந்தால் ஒன்று கேளுங்கள். பழைய வால்வையே தைத்துச் சரி செய்ய முடியுமா? முடியாவிட்டால் உலோக வால்வா, திசு வால்வா? உலோகம் நீண்ட நாள் வரும், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுளுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும், அடிக்கடி ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் சோதனை பார்க்க வேண்டும், கர்ப்ப காலத்தில் அந்த மாத்திரை சிக்கல். திசு வால்வுக்கு அந்தத் தொல்லை குறைவு, இளம் வயதில் சீக்கிரம் தேயும், இன்னொரு ஆபரேஷன் வரும். கல்யாணம், குழந்தை பற்றி அவளுக்கு என்ன எண்ணம் என்று டாக்டர் அவளிடமே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவளைச் சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பல்லைக் கவனிக்க வேண்டும். இந்த நோய் ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வரும் அபாயம் அதிகம். பல் பிடுங்கினாலோ ஈறில் கை வைத்தாலோ அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன் அமாக்ஸிசிலின் 2 கிராம், ஒரே தடவை, பெனிசிலின் அலர்ஜி இல்லாவிட்டால். அதை விட முக்கியம் பல் பிடுங்கும் நிலைக்கே வராமல் பார்த்துக்கொள்வது. பிராட்வே பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூட்டிக்கொண்டு போங்கள், வால்வு நோய் உண்டு என்பதை ஓபி சீட்டு எழுதும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள். பச்சை குத்துவது, புதிதாக மூக்கு காது குத்துவது வேண்டாம்.

ஒரு அட்டையில் இதை எழுதி அவள் பர்ஸில் வைத்துவிடுங்கள்: "எனக்கு ருமாட்டிக் வால்வு நோய் உண்டு. வால்வில் கிருமித் தொற்று ஏற்கனவே வந்திருக்கிறது. காய்ச்சல் என்றால் ஆண்டிபயாடிக் கொடுப்பதற்கு முன் மூன்று ரத்தக் கல்ச்சர் எடுக்கவும்." எந்தக் கிளினிக்கில் நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதலில் அதை நீட்டட்டும். சின்னக் கிளினிக்கில் பாட்டில் இருக்காது. அப்படியானால் மாத்திரை எழுத வேண்டாம், பாட்டில் இருக்கும் இடத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்கட்டும்.

அப்புறம் பையன். வால்வில் இருக்கும் கிருமி பக்கத்தில் படுத்தால் ஒட்டாது, அத்தையோடு தாராளமாகப் படுக்கட்டும். ஆனால் அவள் பத்து வயதில் இருந்த அதே வீடு, அதே நெரிசல், இப்போது இவனுக்கு எட்டு. சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சலோடு தொண்டை மட்டும் வலிக்கிறது, விழுங்க முடியவில்லை, தாடைக்குக் கீழே நெறி கட்டித் தொட்டால் வலிக்கிறது என்றால் வெந்நீரில் உப்பு போட்டுக் கொப்பளிப்பதோடு நிறுத்திவிடாமல் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரெப் தொண்டை என்றால் பத்து நாள் பெனிசிலின் அல்லது அமாக்ஸிசிலின், இல்லையென்றால் ஒரே ஒரு பென்சத்தீன் ஊசி. தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சல் வராமல் தடுக்க முடியும். மூன்றாம் நாளே வலி நின்றுவிடும், நான்காம் நாள் பள்ளிக்கூடம் போய்விடுவான். பத்தாம் நாள் மாத்திரை வரைக்கும் நீங்கள்தான் பக்கத்தில் நின்று கொடுக்க வேண்டும்.